ஏர் இறங்காத கவுண்டி

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் என்றாலே பலருக்குத் தட்டைப் பூமி, கோதுமை வயல், சூறாவளி என்ற மூன்றும்தான் நினைவுக்கு வரும். நான் விச்சிட்டாவில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் "அப்படியெல்லாம் இல்லை" என்று வாயால் சொல்வதை விட்டுவிட்டேன். காரில் ஏற்றி வடகிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டி நம் மாவட்டம் மாதிரியான சேஸ் கவுண்டிக்குக் கூட்டிப் போய்விடுகிறேன். காசடேயில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி 177-ஆம் எண் மாநிலச் சாலையில் வடக்கே திரும்பியதும் வண்டிக்குள் பேச்சு நின்றுவிடும். இருபக்கமும் படிப்படியாக ஏறி இறங்கும் குன்றுகள், அவற்றின் மேல் புல். மரங்கள் ஓடைக் கரைகளில் மட்டும். மைல் கணக்கில் வீடே வராது.

இந்தக் குன்றுகளின் பெயர் ஃப்ளின்ட் ஹில்ஸ். 1806-ல் இவற்றைக் கடந்துபோன ஜெபுலன் பைக் என்ற ராணுவ அதிகாரியின் நாட்குறிப்பிலிருந்து வந்த பெயர் அது. ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பெர்மியன் காலத்தில், இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அது வந்து போய், வந்து போய், சுண்ணாம்புக்கல்லையும் களிப்பாறையையும் அடுக்கடுக்காக விட்டுச் சென்றது. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஆங்காங்கே சிக்கிமுக்கிக் கல் முடிச்சுகள். மழை சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோகும், சிக்கிமுக்கி கரையாது. அதனால் மேல்மண் முழுக்க அந்தக் கல்லின் சில்லுகள்தான். மண்ணும் ஆழமில்லை. சில இடங்களில் ஒரு சாண் தோண்டினாலே பாறை.

இந்தக் கவுண்டியின் கதை முழுவதும் இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். 1837-ல் ஜான் டியர் எஃகுக் கலப்பை செய்த பிறகு இல்லினாய், அயோவா என்று ஒவ்வொரு மாநிலமாக உயர்புல்வெளி உழப்பட்டது. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கர் இருந்த அந்தப் புல்வெளியில் இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. மிஞ்சியதில் பெரும்பகுதி ஃப்ளின்ட் ஹில்ஸில் இருக்கிறது. யாரும் கருணை காட்டிக் காப்பாற்றவில்லை. கொழு கல்லில் பட்டு உடைந்தது, உழவன் விட்டுவிட்டான், அவ்வளவுதான். காட்டன்வுட் ஆறும் அதன் தென்கிளையும் டயமண்ட் ஓடையும் மண் கொண்டுவந்து சேர்த்த பள்ளத்தாக்குகளில் மட்டும் சோளம், சோயா, கோதுமை என்று பயிர் நடக்கிறது. மேட்டில் புல்தான். பிக் புளூஸ்டெம் என்ற புல் மழை நன்றாகப் பெய்த வருடம் செப்டம்பரில் என் தலைக்கு மேல் நிற்கும். வேர் அதைவிட ஆழம் போகும், பாறை இடுக்குகளுக்குள் புகுந்து பத்தடி வரைகூட.

பயிர் செய்ய முடியாத மண்ணில் கூட்டம் சேராது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேஸ் கவுண்டியில் 2,572 பேர். பரப்பளவு 778 சதுர மைல், அதாவது சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். 1900-ல் எட்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் குறைந்துகொண்டே வந்தது. தலைநகரான காட்டன்வுட் ஃபால்ஸிலேயே ஆயிரம் பேர் கிடையாது. இரண்டு மைல் வடக்கே ரயில் ஓடும் ஸ்ட்ராங் சிட்டி. சாண்டா ஃபே ரயில்வேயின் தலைவராக இருந்த வில்லியம் பார்ஸ்டோ ஸ்ட்ராங்கின் பெயர் அதற்கு. ஒரு காலத்தில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே குதிரை இழுக்கும் டிராம் ஓடியிருக்கிறது. இவை தவிர எல்ம்டேல், மேட்ஃபீல்ட் கிரீன், சீடர் பாயின்ட், பஸார் என்று சில சின்ன ஊர்கள். சாஃபோர்ட்வில் என்று இன்னொன்று இருந்தது. 1951 வெள்ளத்துக்குப் பிறகு அது ஊராக மீளவே இல்லை.

இந்த 2,572 பேருக்கு முழு அரசாங்கம் ஒன்று இருக்கிறது. என்னை இந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப இழுப்பது, புல்லை விடவும், இதுதான்.

காட்டன்வுட் ஃபால்ஸில் பிராட்வே என்று ஒரு தெரு. செங்கல் பாவியது. வடக்கு முனையில் ஆறும், பழைய மில்லுக்காகக் கட்டிய தடுப்பணையும், 1914-ல் கட்டிய கான்கிரீட் வளைவுப் பாலமும். பாலத்தில் இப்போது நடக்க மட்டும்தான் முடியும். தெற்கு முனையில், சற்று மேடான இடத்தில், தெருவையே முடித்துவைப்பது போல நிற்கிறது கவுண்டியின் நீதிமன்றக் கட்டடம். 1873-ல் திறந்தது. கான்சாஸில் இன்றுவரை நீதிமன்றமாகவே இயங்கும் கட்டடங்களில் இதுதான் மூத்தது. வடிவமைத்தவர் ஜான் ஹாஸ்கெல், டொபீகாவில் உள்ள மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திலும் கை வைத்தவர். பிரெஞ்சு இரண்டாம் பேரரசுக் காலத்துப் பாணியில் செங்குத்தாகச் சரியும் சிவப்புக் கூரை, அதற்கு மேல் கடிகாரக் கோபுரம். உச்சி வரை 113 அடி. சுவர் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல். வெயில் சாயும் நேரத்தில் கல் வெளிர் மஞ்சளாக மாறும்.

உள்ளே போனால் கறுப்பு வால்நட் மரத்தில் சுழன்று ஏறும் படிக்கட்டு. ஆற்றங்கரையில் வெட்டிய மரம் அது. கைப்பிடியைத் தடவிக்கொண்டே மூன்றாம் தளம் வரை ஏறலாம். இரண்டாம் தளத்தில் நீதிமன்ற அறை. மேலே பழைய சிறை, இரும்புக் கம்பி அறைகள். 1970கள் வரை அதில் ஆட்களை அடைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு முட்டை வடிவ ஜன்னல் உண்டு. அதன் வழியே பார்த்தால் பிராட்வே முழுவதும் ஆறு வரை நேராகத் தெரியும். கைதிக்கு ஊரின் மிக நல்ல காட்சி கிடைத்திருக்கிறது. ஊர்க்காரர்களும் அவனை அன்றாடம் தலைநிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டியபோது கவுண்டிக்கு வயது 14. 1859-ல், கான்சாஸ் மாநிலமாவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, அடிமை முறையை உள்ளே விடலாமா என்ற சண்டையில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த பிரதேசத்தில் உருவானது. அடிமை முறையை எதிர்த்த ஒஹாயோ அரசியல்வாதி சாமன் சேஸின் பெயரை வைத்தார்கள். அதுவே அன்று ஒரு கட்சி எடுத்த மாதிரிதான். பின்னால் அவர் லிங்கனின் நிதியமைச்சராகி, 1864-ல் அமெரிக்காவின் தலைமை நீதிபதியும் ஆனார். 1868-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணைக்குத் தலைமை வகித்தவர் அவர்தான். 1873 மே மாதம் இறந்துபோனார். தன் பெயர் தாங்கிய நீதிமன்றம் திறந்ததை அவர் பார்க்கவில்லை.

அதே 1873-ல் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மாநிலத்துக்கே பெயர் தந்த கான்ஸா மக்கள், கா என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள், இந்தக் குன்றுகளில் வேட்டையாடியவர்கள். 1825 ஒப்பந்தத்தில் பெரும்பகுதி நிலத்தை இழந்தார்கள். 1846 ஒப்பந்தத்தில் கவுன்சில் குரோவ் பக்கம் தள்ளப்பட்டார்கள், அது சேஸுக்கு வடக்கே அடுத்த கவுண்டி. 1859-ல் அந்த ஒதுக்கீட்டையும் சுருக்கினார்கள். 1873 கோடையில் அங்கிருந்தும் அனுப்பி, இன்றைய ஒக்லஹோமாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருடம் இலையுதிர் காலத்தில்தான் இங்கே நீதிமன்றத்தின் திறப்பு விழா. கட்டடத்தின் அழகை ரசிக்கும்போது இதை ஒதுக்கி வைக்க என்னால் முடிவதில்லை. நிலப் பத்திரங்களை வைத்துக் காப்பாற்ற எழுப்பிய கட்டடம் அது. முதல் பத்திரத்துக்கு முந்தைய உரிமைக்காரர்கள் அப்போதுதான் மூட்டை கட்டி நடந்துகொண்டிருந்தார்கள்.

சரி, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கான்சாஸில் 105 கவுண்டிகள். நம் மாவட்டங்களுக்கு மேலிருந்து ஆட்சியரை அனுப்புகிறார்களே, அப்படி இங்கே யாரையும் அனுப்புவதில்லை. சேஸ் கவுண்டியை மூன்று பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவர் என மூன்று கமிஷனர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் தவிர கவுண்டி கிளார்க், பொருளாளர், பத்திரப் பதிவாளர், அரசு வழக்கறிஞர், காவல் தலைவரான ஷெரிஃப் எல்லோருமே தனித்தனியாக ஓட்டு வாங்கி நான்கு வருடத்துக்கு வருகிறவர்கள். ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரி இல்லை. ஷெரிஃப்பைக் கமிஷனர்கள் வேலையை விட்டு நீக்க முடியாது. ஆனால் பட்ஜெட் போடுவது கமிஷனர்கள். இந்த இழுபறி வேண்டுமென்றே வைத்தது. பெரிய நகரத்தில் இது காகிதத்தோடு நின்றுவிடும். இங்கே அந்த எட்டுப் பேரும் ஒரே கடையில் காபி குடித்தாக வேண்டும்.

கமிஷனர்கள் கூட்டம் யாரும் போய் உட்காரக்கூடியது, மாநிலச் சட்டமே அப்படி. நான் போய் உட்கார்ந்தபோது பேச்சு பெரும்பாலும் சரளைக் கல்லைப் பற்றித்தான் இருந்தது. எந்தச் சாலைக்கு எத்தனை லோடு, எந்த மதகு அடைத்திருக்கிறது, எந்தப் பாலம் லாரி எடை தாங்காது. இரண்டாயிரம் சதுர கிலோமீட்டரில் மண்சாலையும் சரளைச் சாலையும்தான் அதிகம். ஒவ்வொரு மழைக்கும் அவை கரையும். பிறகு களை. கான்சாஸ் சட்டப்படி ஒவ்வொரு கவுண்டியும் தீங்கான களைகளைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். இங்கே முக்கிய எதிரி செரிசியா லெஸ்படீசா என்ற செடி. ஆசியாவிலிருந்து மண் அரிப்பைத் தடுக்கக் கொண்டுவந்தார்கள். டானின் அதிகம் என்பதால் முற்றிய செடியை மாடு தொடாது, மாடு தொடாததால் அது பரவும். 2000-ல் மாநிலம் முழுவதும் தீங்கான களையாக அறிவித்தார்கள். ஒரு மேய்ச்சல்காரர் அந்தச் செடியைப் பற்றிப் பேசியதைக் கேட்டால் அவர் குடும்பப் பகையைச் சொல்கிறார் என்று நினைப்பீர்கள்.

கமிஷனர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நான் தெரிந்துகொண்டபோது மிகவும் பிடித்துப்போனது அதுதான். கான்சாஸில் வேலித் தகராறைத் தீர்க்கும் வேலிப் பார்வையாளர்கள் அவர்களே. அவர்களோ அவர்கள் நியமிப்பவர்களோ நேரில் போய்ப் பார்த்து, யார் எவ்வளவு வேலி போட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். பொதுவேலியில் பாதிப் பாதி பொறுப்பு. வழக்கம் என்னவென்றால், இரண்டு அண்டை வீட்டாரும் வேலியின் நடுவில் எதிரெதிராக நிற்பார்கள், அவரவர் வலக்கைப் பக்கம் இருக்கும் பாதி அவரவருடையது. ஒன்றரை நூற்றாண்டாக ஓடும் ஏற்பாடு. 1867-ல் மாநிலம் திறந்தவெளி மேய்ச்சலை நிறுத்தியபோது, நாலரை அடி உயரக் கல்வேலி கட்டிப் பராமரித்தால் பதினாறரை அடி நீளத்துக்கு 40 சென்ட் தருவதாகச் சட்டம் போட்டது. நிலத்தில் பொறுக்கினால் கல், அடுக்கினால் காசு. அந்தக் காலத்துக் கல்வேலிகள் இன்னும் குன்றுகளின் மேல் ஏறி இறங்குகின்றன, சாந்து ஒரு பிடிகூட இல்லாமல்.

பத்திரப் பதிவாளர் அலுவலகத்துக்குள் நான் நுழைந்தது ஆர்வத்தால்தான், வாங்கும் எண்ணம் எதுவும் இல்லை. யாருக்கும் திறந்த பதிவேடுகள் அவை. இந்த நாட்டின் மத்தியப் பகுதி முழுவதையும் அரசு குடியேற்றத்துக்கு முன்பே சதுரம் சதுரமாக அளந்து வைத்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். கான்சாஸில் எல்லாச் சதுரங்களும் ஆறாம் முதன்மைத் தீர்க்கரேகையிலிருந்தும், வடக்கே நெப்ராஸ்கா எல்லையாக இருக்கும் 40-ஆம் அட்சரேகையிலிருந்தும் எண்ணப்படுகின்றன. விச்சிட்டாவில் நான் தினமும் கடக்கும் மெரிடியன் அவென்யூ அந்தத் தீர்க்கரேகையின் மேல்தான் ஓடுகிறது. அதனால் வில்லங்கம் பார்க்க ஆளின் பெயர் தேவையில்லை. செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் (கிழக்கு-மேற்கு வரிசை) என்று மூன்று எண்கள் தெரிந்தால் போதும். அந்தத் துண்டின் கதை முதல் அரசுப் பட்டாவிலிருந்து வரிசையாக வரும். பழைய தொகுதிகளைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

அப்படிப் புரட்டும்போது ஒன்று கண்ணில் படும். ஆற்றோரத் துண்டுகள் சின்னதாக, அடிக்கடி கைமாறி இருக்கும். மேட்டு நிலங்கள் பெரிது பெரிதாகச் சேர்ந்துகொண்டே போகும், சொந்தக்காரரின் முகவரி கவுண்டிக்கு வெளியே இருக்கும். இதற்கும் கல்தான் காரணம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து டெக்சாஸ்காரர்கள் மெலிந்த காளைகளை வசந்த காலத்தில் ரயிலில் கொண்டுவந்து இங்கே மேய விட்டார்கள். இந்தச் சுண்ணாம்பு மண்ணில் விளையும் புல் நாளுக்கு இரண்டு பவுண்டு வரை எடை ஏற்றும். இலையுதிர் காலத்தில் கொழுத்த மாட்டை கான்சாஸ் சிட்டி சந்தைக்கு ஏற்றி அனுப்புவார்கள். மாடு ஒருவருடையது, நிலம் இன்னொருவருடையது, வெயிலில் குதிரை மேல் சுற்றிக் காவல் காப்பவர் மட்டும் உள்ளூர்க்காரர். இன்று லாரி வந்துவிட்டது. ஏற்பாடு மாறவில்லை.

1956-ல் திறந்த கான்சாஸ் டர்ன்பைக் நெடுஞ்சாலை இந்தக் கவுண்டியைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகிறது. தெற்கே காசடேயில் இறங்கலாம், அடுத்து எம்போரியாவில் இறங்கலாம். நடுவே 35 மைலுக்கு மனிதர்கள் இறங்க வழி கிடையாது, இரண்டுமே சேஸுக்கு வெளியே. ஆனால் பஸார் பக்கத்தில் மாட்டு லாரிகள் இறங்கி ஏற ஒரு வாயில் உண்டு, பட்டிகளோடு.

எல்லாம் கடைசியில் வரியில் வந்து நிற்கிறது. கவுண்டியின் வருமானத்தில் பெரும்பகுதி சொத்து வரி. கான்சாஸில் வீட்டுக்கு அதன் சந்தை மதிப்பில் 11.5 சதவீதத்தின் மேல் வரி போடுகிறார்கள். வியாபாரக் கட்டடத்துக்கு 25 சதவீதம். விவசாய நிலத்துக்கு 30 சதவீதம். ஆனால் அது சந்தை மதிப்பில் இல்லை, அந்த நிலம் எட்டு ஆண்டுச் சராசரியில் என்ன ஈட்டித் தருகிறது என்ற கணக்கில் வரும் பயன்பாட்டு மதிப்பில். உழவனைக் காப்பாற்ற 1976-ல் அரசியலமைப்பைத் திருத்தி வழி செய்த முறை. நியாயமான முறைதான். வெளியூர்ப் பணக்காரர்கள் புல்வெளியை என்ன விலைக்கு வாங்கினாலும் பக்கத்து மேய்ச்சல்காரரின் வரி அதனால் ஏறாது. ஆனால் மேய்ச்சல் நிலத்தின் குத்தகை குறைவு என்பதால் பயன்பாட்டு மதிப்பும் குறைவு. கவுண்டியோ பெரும்பாலும் மேய்ச்சல் நிலம். தொழிற்சாலை இல்லை, பெரிய கடைகள் இல்லை. குறுக்கே ஓடும் ரயில் பாதையும் குழாய்களும் கொஞ்சம் கைகொடுக்கும். மீதி, இருக்கிற வீடுகளின் தலையில். அதே சாலை, அதே பாலம், அதே ஆம்புலன்ஸ், ஆனால் பங்கு போட ஆள் குறைவு.

இந்த இடத்தில்தான் நான் சொல்லத் தயங்கும் விஷயம் வருகிறது. தயங்கினாலும் சொல்ல வேண்டும். காட்டன்வுட் ஃபால்ஸில் இப்போது ஒரு நவீனச் சிறை இருக்கிறது. நூற்றுக்கும் மேல் படுக்கைகள். இந்தக் கவுண்டியின் குற்றங்களுக்கு அதில் சிறு பகுதி போதும். மீதியில் வெளியிலிருந்து வருகிறவர்களை வைக்கிறார்கள், அதில் முக்கியமானவர்கள் மத்திய அரசின் குடிவரவுத் துறை பிடித்துத் தடுத்து வைப்பவர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மத்திய அரசு கவுண்டிக்குப் பணம் தருகிறது. புல்லால் வராத பணம் இப்படி வருகிறது, வேலையும் வருகிறது. நான் இந்த நாட்டில் விசாவில் நுழைந்தவன். பச்சை அட்டைக்கு வரிசையில் நின்ற வருடங்களை மறக்கவில்லை. அந்த அழகான செங்கல் தெருவில் நடக்கும்போது, சில தெருத் தள்ளி என்னைப் போல் வந்த ஒருவர் வக்கீலும் உறவினர்களும் இருக்கும் நகரத்திலிருந்து மணிக்கணக்கான தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அந்த ஊர் மக்களைப் பொல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. மெலிந்த கஜானாவோடு ஒரு முழு அரசாங்கத்தை நடத்துகிறவர்களிடம் வாஷிங்டன் வந்து படுக்கை வாடகை பேசுகிறது, அவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு கவுண்டியின் சாலைச் செலவு மனிதர்களை அடைத்து வைப்பதால் வரும் பணத்தோடு கலப்பது தவறு என்றே நினைக்கிறேன். பழைய சிறையில் இருந்தவனை ஊர் நிமிர்ந்து பார்க்க முடிந்தது. இங்கே இருப்பவரை ஊருக்குத் தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகு, அப்படியானால் இத்தனை சின்னக் கவுண்டி எதற்கு, பக்கத்து லயன் கவுண்டியோடு சேர்த்துவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சேஸும் லயனும் ஏற்கெனவே ஒரே நீதித்துறை மாவட்டம், ஐந்தாவது. ஆனாலும் கான்சாஸ் சட்டப்படி ஒவ்வொரு கவுண்டியிலும் குறைந்தது ஒரு நீதிபதி குடியிருக்க வேண்டும், அவருடைய அலுவலகம் அங்கே இருக்க வேண்டும். சின்னக் கவுண்டிகளில் அது பெரும்பாலும் மாஜிஸ்திரேட் நீதிபதி. அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை, தேர்வில் தேறினால் போதும். 2012-ல் மாநில உச்ச நீதிமன்றம் அமைத்த குழு இந்த விதியை எடுத்துவிடச் சொன்னது. வழக்கே குறைவாக உள்ள இடத்தில் நீதிபதி எதற்கு, கூட்டம் உள்ள நகரத்துக்கு அனுப்பலாமே என்ற வாதம். கணக்கில் சரிதான். சட்டமன்றம் ஏற்கவில்லை, ஏற்காதது நல்லது. கணவன் அடித்ததால் பாதுகாப்பு உத்தரவு கேட்டு வரும் ஒரு பெண்ணுக்கு இருபது மைல் என்பது சில நாட்களில் கடக்கவே முடியாத தூரம். அவளுக்குப் பக்கத்தில் கதவு இருக்க வேண்டும், கதவுக்குள் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும்.

சின்னக் கவுண்டி தனியாக இருப்பதன் பலனை, இங்கே தேசியப் புல்வெளிப் பூங்கா வந்த விதத்திலும் பார்க்கலாம். உயர்புல்வெளிக்கு ஒரு தேசியப் பூங்கா வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகப் பேச்சு. 1961-ல் உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் யூடால் கான்சாஸின் பாட்டவாட்டமி கவுண்டியில் இடம் பார்க்க ஹெலிகாப்டரில் வந்து இறங்கியபோது, அந்த நிலத்தின் மேய்ச்சல்காரர் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார். நிலத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டால் வரி போகும், மேய்ச்சல் போகும், முடிவு எடுக்கும் இடம் வாஷிங்டனுக்குப் போகும் என்ற பயம் சேஸிலும் இருந்தது. 1994-ல் ஸ்ட்ராங் சிட்டிக்கு வடக்கே ஸ்பிரிங் ஹில் பண்ணையை ஒரு தனியார் அறக்கட்டளை வாங்கியது. ஸ்டீஃபன் ஜோன்ஸ் என்ற மாட்டு வியாபாரி 1881-ல் கட்டிய கல் மாளிகையும் மூன்றடுக்குக் கல் கொட்டகையும் உள்ள பண்ணை. பிறகு நீண்ட பேச்சுவார்த்தை. 1996-ல் நிறைவேறிய சட்டம் தேசியப் பூங்காத் துறை 180 ஏக்கருக்கு மேல் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிவிட்டது. மொத்தப் பரப்பு சுமார் 10,900 ஏக்கர், மீதி எல்லாம் தனியார் உடைமை. 2005 முதல் அதன் உரிமையாளர் நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு. இந்த நாட்டில் இப்படி ஒரு ஏற்பாடு அபூர்வம். சூழலியலாளர்கள் சிலர் இதைத் தோல்வி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுமார் மூவாயிரம் பேர் கொண்ட ஒரு கவுண்டி, நாட்டின் அரசோடு உட்கார்ந்து பேசி, தன் நிபந்தனையைச் சட்டத்துக்குள் எழுத வைத்திருக்கிறது. 2009-ல் அங்கே மறுபடி காட்டெருமைகள் வந்தன, முதலில் 13. இப்போது கன்றுகளோடு மேய்கின்றன. மாடும் மேய்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை புல்லுக்குத் தீ வைப்பார்கள். பழைய புல் எரிந்தால்தான் புதுத் துளிர் வரும், சீடர் போன்ற மரங்களும் வேர் பிடிக்காது. கா மக்கள் காலத்திலிருந்து வரும் பழக்கம். தீ வைக்கும் முன் கவுண்டிக்குச் சொல்ல வேண்டும். இரவில் குன்றுகளின் வரம்பில் நெருப்புக் கோடு ஊர்வது தெரியும், ஆனால் புகை சாலையை மறைக்கும் என்பதால் மெதுவாக ஓட்டுங்கள். நகரங்களில் காற்று கெடுகிறது என்ற புகாருக்காக 2010-ல் மாநிலம் புகை மேலாண்மைத் திட்டம் கொண்டுவந்தது, அது பற்றிய சண்டை ஒவ்வொரு வசந்தத்திலும் நடக்கிறது. புல் உயரம் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர். பூங்காவில் நடக்கக் கட்டணம் இல்லை, காட்டெருமையிடமிருந்து நூறு கஜமாவது தள்ளி நில்லுங்கள். நீதிமன்றக் கட்டடத்துக்கு வார நாளில் போங்கள், சனி ஞாயிறு அலுவலகங்கள் மூடியிருக்கும். கமிஷனர்கள் கூட்டம் என்றைக்கு என்று கிளார்க் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மனு எதுவும் வேண்டாம். பின்வரிசையில் நாற்காலி இருக்கும்.